தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள்: இளைஞர் நீதிக் குழுமங்களுக்கு ஒரு திறந்த மடல்

குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களின் வழக்குகளை விசாரிக்கும் தமிழ்நாட்டின் இளைஞர் நீதிக் குழுமங்களில் அமர்ந்திருக்கும் நடுவர்களுக்கும் சமூகப்பணி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் உளவியல் ஆலோசகர். பெரும்பாலான நாட்கள் பள்ளிகளில்தான் கழியும். உங்களில் சிலர் கூப்பிடும்போது, விசாரணை முடியும் வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போய், அங்கே இருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களோடு பேசி அறிக்கை எழுதித் தருவேன். இந்த மடல் அந்த அறிக்கையைப் பற்றியது. அதில் ஒரு பகுதி மட்டும் திரும்பத் திரும்பக் காலியாகவே கிடக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயது நிரம்பி, பதினெட்டைத் தொடாத ஒரு பிள்ளை மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்று சட்டம் வைத்திருக்கும் குற்றம் சாட்டப்பட்டால், குழுமம் முதல்நிலை மதிப்பீடு ஒன்றைச் செய்ய வேண்டும். 15-வது பிரிவு அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் குற்றத்தைச் செய்வதற்கான மனத்திறனும் உடல்திறனும் அந்தப் பிள்ளைக்கு இருந்ததா, அதன் விளைவுகளைப் புரிந்துகொள்ள முடிந்ததா, எந்தச் சூழ்நிலையில் அதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறது. இந்த மூன்றையும் பார்த்த பிறகு, பெரியவர்களைப் போலவே இவனையும் விசாரிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம்.

மாற்றினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். தூக்குத் தண்டனையும், வெளியே வரவே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. மற்றபடி பெரியவர்களுக்கான தண்டனை வரலாம். இருபத்தொரு வயது வரை பாதுகாப்பான இடத்தில் வைத்திருந்து, பிறகு சிறைக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. மற்ற சிறுவர்களுக்கு, வழக்கால் வரும் தகுதியிழப்பு பின்னாளில் ஒட்டாது என்று 24-வது பிரிவு ஒரு காப்பு தருகிறது. பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவனுக்கு அந்தக் காப்பும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அது கூடவே வரும். இத்தனையும் ஒரு சில பக்க அறிக்கையையும், ஒரு நடுவரும் இரண்டு சமூகப்பணி உறுப்பினர்களுமாகக் குழுமத்தில் இருக்கும் உங்கள் மூவரின் முடிவையும் நம்பி நிற்கிறது.

அந்தப் பக்கங்களில் முதல் இரண்டு விஷயங்களுக்கு நிறைய இடம் இருக்கும். அறிவுத்திறன் சோதனையின் மதிப்பெண் இருக்கும். கை கால் நல்லபடியாக இருக்கிறது, பார்வை சரியாக இருக்கிறது, பத்தாம் வகுப்பில் இவ்வளவு மார்க் என்று இருக்கும். அப்புறம் கேள்வி பதில். "கத்தியால குத்தினா என்ன ஆகும்?" "செத்துருவாங்க சார்." "அது தப்புன்னு தெரியுமா?" "தெரியும்." "போலீஸ் பிடிக்கும்னு தெரியுமா?" "தெரியும் சார்." விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் உள்ளது என்று அறிக்கை முடிந்துவிடும். மூன்றாவது பகுதியில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "முன்விரோதம் காரணமாக நண்பர்களுடன் சேர்ந்து தாக்கியுள்ளார்." முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருப்பது அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

இதே கேள்விகளைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இதே பதில்கள்தான் வரும். கத்தியால் குத்தினால் ஆள் செத்துப்போவான் என்பது தெரியாத பத்து வயதுப் பிள்ளை நம் ஊரில் இல்லை. அப்படியென்றால் இந்தக் கேள்விகள் எதை அளக்கின்றன? அமைதியான ஒரு அறையில், மின்விசிறிக்கு அடியில், யாரும் திட்டாமல், யாரும் வேடிக்கை பார்க்காமல் இருக்கும்போது ஒரு பையனுக்கு என்ன தெரிகிறது என்பதை அளக்கின்றன. சம்பவம் நடந்தபோது அவன் அந்த அறையில் இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 74-வது பிரிவு அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது, சட்டம் சொல்லாவிட்டாலும் சொல்லக் கூடாதுதான். அதனால் ஊரையும் வயதையும் சம்பவத்தையும் மாற்றி, வேறு சில பையன்களிடம் பார்த்ததையும் கலந்து சொல்கிறேன். அப்பா இல்லை. அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கியிருக்கிறார். அந்தக் கடனின் கணக்கு முழுக்க இவன் தலையில் இருந்தது. வாரத் தவணை எவ்வளவு, எந்த வாரம் தவறும், தவறினால் குழுவில் யார் முதலில் வீட்டுக்கு வந்து சத்தம் போடுவார், அதைச் சமாளிக்க எந்த மாமாவிடம் எவ்வளவு கேட்கலாம் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னான். சொல்லச் சொல்ல விரலால் மேசையில் கோடு போட்டுக்கொண்டே வந்தான், வட்டிக்கு ஒரு கோடு, அசலுக்கு ஒரு கோடு. நாளைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கும் திறனில் இவனிடம் ஒரு குறையும் இல்லை. நன்றாகப் படித்த பெரியவர்கள் பலருக்கே இந்தத் தெளிவு கிடையாது.

இதே பையன் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டீக்கடையில் நிற்கிறான். முதல் நாள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, மத்தியானம் சாப்பிடவில்லை. பழைய தகராறு உள்ள ஒருவன், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை விடுகிறான். கூட நின்ற பையன்களில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறான். கடை வாசலில் பெஞ்சுக்குக் கீழே கட்டை ஒன்று கிடக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை அவனால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. "நீ ஏன் அங்கிருந்து போகலை?" என்று கேட்டேன். "எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, "போயிருந்தா அந்த வீடியோ நாளைக்கு ஸ்கூல் பூரா வந்திருக்கும்" என்றான்.

கடனைப் பற்றி மாதக்கணக்கில் முன்னோக்கி யோசிக்கிறவன் அந்த இடத்தில் அரை நிமிடம்கூட முன்னோக்கி யோசிக்கவில்லை. இது நடிப்பும் இல்லை, மூளைக்கோளாறும் இல்லை. அந்த வயதில் மனித மனம் வேலை செய்கிற விதமே இதுதான் என்பதை ஆய்வுகள் பல வருடங்களாகத் தெளிவாகச் சொல்லி வருகின்றன.

முதலில், நம் நாட்டையும் சேர்த்துச் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பதின்வயது உளவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் இந்தியா உட்பட 11 நாடுகளில், பத்து வயது முதல் முப்பது வயது வரை உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். 2019-இல் முடிவுகள் வெளிவந்தன. நிதானமாக உட்கார்ந்து யோசித்துச் செய்கிற வேலைகளில் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய பெரியவர்களுக்குச் சமமாகிவிடுகிறார்கள். ஆனால் உந்துதலை அடக்குவது, ஆபத்தின் கவர்ச்சிக்கு இழுபடாமல் இருப்பது போன்றவை பதினெட்டைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே போகின்றன. முதலாவது முன்னால் ஓடுகிறது, இரண்டாவது பின்னால் வருகிறது. நம்முடைய சட்டம் பதினாறு என்று கோடு போட்டதற்கும், மதிப்பீட்டில் பதினாறு வயதுப் பையன்கள் கிட்டத்தட்ட எல்லாருமே 'புரிந்துகொள்ளும் திறன் உள்ளது' என்று தேறிவிடுவதற்கும் இடையில் இருக்கும் சிக்கல் இதுதான். அந்த வயதில் எது முதிர்ந்துவிட்டதோ அதையே அளந்து, முதிர்ந்துவிட்டான் என்று எழுதுகிறோம்.

அடுத்தது பி. ஜே. கேசி என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு செய்த சோதனைகள். செய்முறை மிக எளிமை. திரையில் முகங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வகை முகம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், இன்னொரு வகை வந்தால் அழுத்தக் கூடாது. அழுத்தக் கூடாத முகம் சாதாரணமாக இருந்தால் பதின்வயதினர் நன்றாகவே கையை அடக்கிக்கொள்கிறார்கள். பயந்த முகம், ஆபத்து இருக்கிறது என்று சொல்லும் முகம் வந்தால், அழுத்தாதே என்று சொல்லியிருந்தும் அழுத்திவிடுகிறார்கள். பெரியவர்களைவிட அதிகமாகத் தவறுகிறார்கள், இது எதிர்பார்த்ததுதான். சிறு குழந்தைகளைவிடவும் அதிகமாகத் தவறுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அதாவது, பிறந்ததிலிருந்து இந்தத் திறன் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. ஆபத்து எதிரே நிற்கும்போது பின்வாங்காமல் அதை நோக்கிப் பாய்கிற போக்கு இந்த வயதில் தனியாகத் தலைதூக்குகிறது. பயத்தையும் ஆத்திரத்தையும் எழுப்பும் ஆழ்மூளைப் பகுதிகள் பருவம் வந்தவுடன் முழுவேகம் எடுக்கின்றன. அவற்றுக்கு 'பொறு' என்று சொல்ல வேண்டிய முன்மூளையும், இரண்டுக்கும் நடுவே ஓடும் இணைப்புகளும் இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கின்றன.

அதே குழு 2016-இல் இன்னொன்றையும் காட்டியது. எந்த நேரமும் காதைத் துளைக்கும் சத்தம் வரலாம் என்ற பதற்றத்தில் வைத்து இதே மாதிரிச் சோதனையைச் செய்தபோது, பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வயதுக்காரர்களின் கட்டுப்பாடு அதற்கு மேற்பட்டவர்களைவிடக் குறைந்துபோனது. அந்தப் பதற்றம் இல்லாதபோது அவர்கள் பெரியவர்களைப் போலவே செய்தார்கள். வாக்குரிமை வந்து, லைசென்ஸ் வாங்கியவர்களுக்கே இந்த நிலை என்றால், பதினாறு வயதுக்காரனை நாம் எந்த நிலையில் வைத்து மதிப்பிடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று பாருங்கள்.

நண்பர்களின் பார்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முன் வரும் வழக்குகளில் தனியாகச் செய்தவன் அபூர்வம். மார்கோ கார்டனரும் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் வீடியோ கேம் ஒன்றை மூன்று வயதுப் பிரிவினருக்குக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்தவும் செய்யலாம், துணிந்து போகவும் செய்யலாம், போனால் மோதக் கூடும். பக்கத்தில் நண்பர்கள் இருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இருபத்துநாலு வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றமே இல்லை. இத்தனைக்கும் அங்கே யாரும் யாருடைய அம்மாவையும் திட்டவில்லை. கேமராவைத் தூக்கிப் பிடிக்கவில்லை. வெறும் பொம்மைக் கார்.

இப்போது மதிப்பீடு நடக்கும் அறையையும் சம்பவம் நடந்த இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கூர்நோக்கு இல்ல அறையில் அந்தப் பையன் தனியாக இருக்கிறான், அமைதியாக இருக்கிறான் (அல்லது பயந்து அடங்கியிருக்கிறான்), பேசுவதற்கு நேரம் இருக்கிறது. கட்டுப்பாடு மிக நன்றாக வேலை செய்யக்கூடிய நிலைமை அது. சம்பவ இடத்தில் எல்லாமே தலைகீழ். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அது எல்லா வயதுக்கும் பொருந்தும், பதினாறு வயதுக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

"சரி, அப்படியானால் கோபம் வந்தது என்று சொன்னவர்களை எல்லாம் விட்டுவிடலாமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். அடிபட்டவரின் அம்மாவும் கேட்பார். கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. நான் கேட்பது விடுதலை இல்லை. குழுமமே வைத்து விசாரித்தாலும் பொறுப்பு இருக்கிறது, குற்றம் உறுதியான சிறுவர்களுக்கான சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை வைக்க வழி இருக்கிறது. பெரியவனாக நடத்தலாமா என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடும்போது சரியான பொருளை அளக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

எல்லா வழக்கும் ஒன்றில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவனுடைய தங்கையையும் கூடப் படித்த மாணவர்களே ராத்திரி வீடு தேடிப் போய் அரிவாளால் வெட்டினார்கள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவன் பள்ளியில் சொன்னதற்கான பழிவாங்கல் அது. அதற்குப் பிறகுதான் அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அந்தச் சம்பவத்தை ஒரு நிமிட ஆவேசம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆயுதம் எடுக்க நேரம் இருந்தது, ஆள் சேர்க்க நேரம் இருந்தது, திரும்பிப் போக வழி நெடுக இடம் இருந்தது. அதற்கும் அடியில் கிடந்தது அந்தப் பையன்களுக்கு வீட்டிலும் ஊரிலும் பெரியவர்கள் ஊட்டி வளர்த்த சாதித் திமிர். உணர்ச்சியின் பெயரைச் சொல்லி அதை மூடி மறைப்பது பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

இந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்றுதான் மூன்றாவது பகுதியை நிரப்பச் சொல்கிறேன். டீக்கடை வாசலில் கிடந்த கட்டையை எடுத்தவனும், வீட்டிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு போனவனும் அறிவுத்திறன் சோதனையில் ஒரே மார்க் வாங்குவார்கள். 'தப்புன்னு தெரியுமா' என்ற கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்வார்கள். சூழ்நிலையை விரிவாக எழுதினால் மட்டுமே இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பது தெரியும். கொஞ்சம் சிக்கலான வழக்குகளும் உண்டு. மதியம் வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்த வசை, வாய்ஸ் மெசேஜாக மாறி, ஸ்டேட்டஸாக மாறி, ராத்திரி எட்டு மணிக்கு ஆற்றங்கரையில் முடிகிறது. இடையில் ஆறு மணி நேரம் இருந்ததே, அப்போது யோசித்திருக்கலாமே என்று குற்றப்பத்திரிகை சொல்லும். அந்த ஆறு மணி நேரமும் செல்போன் அவனை ஆற விட்டதா, நிமிடத்துக்கு ஒரு தரம் மறுபடி கொதிக்க வைத்ததா என்று பார்க்க வேண்டும். ஐந்து பையன்கள் சேர்ந்த வழக்கில் ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பீட்டை நகல் எடுத்து வைப்பதும் நடக்கிறது. அந்த ஐந்தில் ஒருவன் தூண்டியவனாக இருப்பான், ஒருவன் பின்னால் நின்று நடுங்கியவனாக இருப்பான்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, உங்களில் சட்டம் படித்தவர்கள் உடனே அதைச் சொல்வீர்கள். முதல்நிலை மதிப்பீடு விசாரணை இல்லை என்று 15-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. பதினெட்டு வயது வரை எந்தப் பிள்ளைக்கும் கெட்ட நோக்கம் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் 3-வது பிரிவில் இருக்கும் அடிப்படைக் கொள்கை. சூழ்நிலையைக் கேட்கிறேன் என்று போய், "அன்னைக்கு என்ன செஞ்சே, முழுசா சொல்லு" என்று ஆலோசகர் துருவ ஆரம்பித்தால் அது வாக்குமூலம் வாங்குவதாக ஆகிவிடும். அந்தக் குற்றத்தை அவன் செய்தானா இல்லையா என்றே இன்னும் முடிவாகவில்லை. ஆகவே நான் சொல்வது சம்பவத்தைத் தோண்டுவதை அல்ல. இந்தப் பிள்ளை சூடாகும்போது எப்படி இருக்கிறான் என்பதை அவனுடைய மற்ற நாட்களிலிருந்து கேட்டு வாங்குவதைச் சொல்கிறேன்.

இதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. பி.டி. வாத்தியாரிடம் கேளுங்கள்: கபடியில் ஃபவுல் ஆனால் இவன் என்ன செய்வான்? தோற்றுப்போன பிறகு எவ்வளவு நேரத்தில் ஆறுவான்? அக்கா தங்கையிடம் கேளுங்கள்: வீட்டில் கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறானா, தட்டை வீசுகிறானா, வெளியே போய்விடுகிறானா? ஒர்க் ஷாப்பில் வேலைக்குப் போயிருந்தால் அங்கிருக்கும் மேஸ்திரியிடம் கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, குடி, கஞ்சா எல்லாம் கேளுங்கள். வீட்டில் அடி உதை பார்த்து வளர்ந்தானா என்று கேளுங்கள், ஏனென்றால் அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு எதிராளி கையை உயர்த்தினாலே ஆபத்து மணி அடித்துவிடும். பையனிடம் கேட்க வேண்டியது, "கோபம் வந்து, அடிக்காம விட்ட நாள் ஒண்ணு சொல்லு, எப்படி விட்டே?" என்பது. இதற்கு அவன் சொல்லும் பதிலில் உங்களுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கும். சிலர் யோசித்து, "மாமா வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாரு" என்பார்கள். சிலர், "நானே பைப்புல போய் தலைய நனைச்சுக்கிட்டேன்" என்பார்கள். ஒரு சிலருக்கு அப்படி ஒரு நாளே ஞாபகத்துக்கு வராது. மூன்றும் மூன்று விதமான பிள்ளைகள்.

நன்னடத்தை அலுவலர்கள் பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கையைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கையிலேயே இவற்றைக் கொண்டுவந்துவிடலாம். அவர்கள் கையில் எத்தனை வழக்குகள் குவிந்து கிடக்கின்றன என்பதை நான் நேரில் பார்க்கிறேன். அதனால்தான் அவர்களை விட்டுவிட்டு உங்களிடம் எழுதுகிறேன். நீங்கள் கேட்டால்தான் அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கப்படும்.

இன்னொரு விஷயம் என் மனதை மிகவும் உறுத்துகிறது. "செய்த செயலுக்கு வருந்துவதாகத் தெரியவில்லை" என்ற வரி. முகத்தில் சலனமே இல்லை, கண் கலங்கவில்லை, கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில், ஆகவே கல்நெஞ்சுக்காரன் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த முகம் எப்படி உருவானது என்று கேட்க வேண்டாமா? காவல் நிலையத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இல்லத்தில் மூத்த பையன்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யாரிடமும் எதுவும் பேசாதே என்று வக்கீலும் சொல்லியிருப்பார், அவர் சொன்னது சரியும்கூட. எல்லாவற்றுக்கும் மேல், அளவுக்கு மீறிய பயத்திலும் அவமானத்திலும் சில பிள்ளைகள் மரத்துப்போகிறார்கள். கட்டுக்கடங்காத உணர்ச்சிக்கு அதுவும் ஒரு வடிவம். இப்படி இறுகிய முகத்தோடு இருந்தவன், தம்பி தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறானாம் என்று அம்மா மனுப் பார்க்க வந்தபோது சொன்னதைக் கேட்டு, அம்மா போன பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுததைப் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் மதிப்பீடு முடிந்திருந்தால் அவன் கல்நெஞ்சுக்காரனாகவே கோப்பில் இருந்திருப்பான்.

அதனால் அவசரப்படாதீர்கள். ஒரே சந்திப்பில் அறிக்கையை முடிக்கச் சொல்லாதீர்கள். மூன்று மாதம் என்று சட்டம் சொல்லும் காலவரம்பை, காரணத்தை எழுதி வைத்து நீட்டிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத் தீர்ப்பில் தெளிவாக்கியிருக்கிறது. அதற்கு முன், 2022 ஜூலையில், குருகிராம் பள்ளிக் கொலை வழக்கில் அதே நீதிமன்றம், குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்றது. சட்டத்தில் 'பெறலாம்' என்று இருப்பதைக் கட்டாயம் என்றே படிக்க வேண்டும் என்றது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் குழந்தை மனநலப் பிரிவு இந்த மதிப்பீட்டுக்கென்றே வழிகாட்டுதல் தயாரித்து வைத்திருக்கிறது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. ஆனாலும் பல இடங்களில் இன்னும், அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிகள் வரிசைக்கு நடுவே, காவலர் கதவோரம் நிற்க, இருபது நிமிடத்தில் இந்த மதிப்பீடு நடந்து முடிகிறது.

போக்சோ சட்டத்தில் வரும் காதல் வழக்குகளைப் பற்றியும் எழுத ஆசைதான். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் ஊரைவிட்டு ஓடிய வழக்கு, தண்டனைக் கணக்கில் கொடுங்குற்றமாகி உங்கள் மேசைக்கு வருகிறது. உணர்ச்சி கண்ணை மறைப்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். அதற்குத் தனி மடல் வேண்டும்.

கடைசியாக ஒன்று. கட்டுப்பாடு பின்தங்கி வருகிறது என்றால், அது வந்துகொண்டிருக்கிறது என்றும் பொருள். பதின்வயதின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொடும் குற்றச் செயல் இருபதுகளில் தானாகவே சரிந்துவிடுவதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் அவனை எங்கே, யாரோடு வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. இதைப் பழக்கிக் கொடுக்கவும் முடியும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் பதின்வயதுப் பையன்களுக்காக நடத்தும் ஒரு திட்டத்தில் முதல் நாளே ஒரு பயிற்சி வைக்கிறார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, முப்பது விநாடிக்குள் அதை வாங்கு என்று மற்றவனிடம் சொல்கிறார்கள். உருண்டு புரண்டு, கையை முறுக்கி, சட்டையைப் பிடித்து இழுத்து அமர்க்களம் செய்வார்கள். நேரம் முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: பந்தைக் கொடு என்று யாராவது கேட்டீர்களா? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று மற்றவனிடம் கேட்டால், கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே என்பான். இப்படித்தான் பாடம் ஆரம்பிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாக அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். திட்டம் நடந்த காலத்தில் வன்முறை வழக்குகளில் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. அங்குள்ள சிறுவர் காவல் மையத்தில், இதே வகைப் பயிற்சியை அந்த மையத்தின் ஊழியர்களே நடத்தியபோது, வெளியே போனவர்கள் மறுபடி உள்ளே வருவது 21 சதவீதம் குறைந்தது. பெரிய படிப்பு படித்தவர்கள் வந்து நடத்தவில்லை, இல்லத்து ஊழியர்கள்தான். நம் கூர்நோக்கு இல்லங்களிலும் சிறப்பு இல்லங்களிலும் ஊழியர்கள் இருக்கிறார்கள், பையன்கள் இருக்கிறார்கள், மாலை நேரம் வெறுமனே போகிறது. ஆய்வுக்குப் போகும்போது அங்கே சமையலறையையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, கோபத்தைக் கையாள இந்த வாரம் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். நிபுணர் இல்லாமல் மதிப்பீடு வேண்டாம். ஒரே நாளில் முடிந்த மதிப்பீடு வேண்டாம். ஐந்து பேருக்கு ஒரே அறிக்கை வேண்டாம். அடுத்த அமர்வில் உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையை மூன்றாவது பகுதியிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். அங்கே முதல் தகவல் அறிக்கையின் வரிகள் மட்டுமே இருந்தால், அதை எழுதியவர் யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுமங்களுக்கு அறிக்கை எழுதித் தரும் உளவியல் ஆலோசகர்